பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வெப்பக் கணக்கு காட்டாத இழப்புகள்

ஓர் ஆலையில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கேட்டால் பெரும்பாலும் நீட்டப்படுவது வெப்பக் கணக்கு. எரிபொருளின் வெப்ப மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டு, புகைபோக்கியில் இவ்வளவு போயிற்று, பாய்லர் சுவரில் இவ்வளவு, குளிர்நீரில் இவ்வளவு என்று கழித்து, மிஞ்சியதைப் பயன் என்று எழுதுவார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆற்றல் அழிவதில்லை என்ற முதல் விதியின்படி வரவும் செலவும் சரியாகவே பொருந்தும். பிழை அதிலிருந்து எடுக்கப்படும் முடிவில் இருக்கிறது: எங்கே அதிக வெப்பம் வெளியேறுகிறதோ அங்கேதான் பெரிய இழப்பு, அங்கேதான் கைவைக்க வேண்டும் என்ற முடிவு. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதை ஏற்பதில்லை. பெரிய இழப்புகள் பலவற்றில் ஒரு ஜூல் வெப்பம்கூட வெளியேறுவதில்லை. வெளியேறும் பெரிய வெப்பங்கள் பலவற்றிலோ இழப்பதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

நிலக்கரியில் இயங்கும் ஒரு சாதாரண அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொண்டால் போதும். எரிபொருள் 100 என்றால் பாய்லர் 88-ஐ நீராவிக்குத் தருகிறது. டர்பைன் அதிலிருந்து 38-ஐ வேலையாக எடுக்கிறது. மீதி 50 கண்டென்சரில் குளிர்நீருக்குப் போகிறது. வெப்பக் கணக்கைப் படிப்பவர் கண்ணில் கண்டென்சர்தான் குற்றவாளி. பாதிக்குப் பாதி வெப்பத்தை விழுங்குகிறது. குளிர்கோபுரத்தின் உச்சியில் வெண்மையாக எழும் ஆவி அந்தக் குற்றத்துக்குக் கண்கண்ட சாட்சி போலவும் நிற்கிறது. 88 சதவீதத் திறனுள்ள பாய்லரோ நல்ல பெயரோடு தப்பிவிடுகிறது.

அந்த 50-இல் இருந்து என்ன எடுக்க முடியும் என்று கேட்க வேண்டும். கண்டென்சரில் நீராவி சுமார் 45 டிகிரி செல்சியஸில், அதாவது 318 கெல்வினில், நீராகிறது. சுற்றுப்புறம் 30 டிகிரி, 303 கெல்வின். ஒரு வெப்பத்திலிருந்து எடுக்கத்தக்க அதிகபட்ச வேலையின் பங்கு, 1-இலிருந்து சுற்றுப்புற வெப்பநிலையை அந்த வெப்பத்தின் வெப்பநிலையால் வகுத்த ஈவைக் கழித்தால் வரும். இரண்டும் கெல்வினில் இருக்க வேண்டும். 318-க்கு இது 0.047. ஆக, உராய்வே இல்லாத, தேய்மானமே இல்லாத ஓர் இயந்திரத்தைக் கண்டென்சரில் பொருத்தினாலும் 50-இலிருந்து கிடைப்பது 2.4 மட்டுமே. பாதி எரிபொருளை விழுங்கியதாகச் சொல்லப்படும் கருவியிடம் பறிமுதல் செய்ய இருப்பது இவ்வளவுதான்.

இப்போது பாய்லர். எரிபொருளின் வேலைத்திறன், அதாவது அதிலிருந்து எடுக்கத்தக்க அதிகபட்ச வேலை, அதன் வெப்ப மதிப்புக்கு ஏறக்குறைய சமம். 100 வெப்பம் தரும் எரிபொருள், கொள்கையளவில் 100 அளவு வேலையும் தரவல்லது. பாய்லர் அதை எரித்து, நீருக்கும் நீராவிக்கும் சராசரியாக 350 டிகிரியில் (623 கெல்வின்) ஏற்றப்படும் வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பநிலையில் வேலையின் பங்கு 0.51. எனவே 88 அளவு வெப்பம் சுமப்பது 45 அளவு வேலைத்திறன். மீதி 55 பாய்லருக்குள்ளேயே தொலைந்துவிட்டது. புகைபோக்கியில் போனது அதில் சிறு பகுதிதான். ஏறக்குறைய 30 அளவு எரிதல் என்ற நிகழ்விலேயே அழிகிறது. வேதிப் பிணைப்பில் ஒழுங்காக இருந்த ஆற்றல், கட்டுப்பாடற்ற வினையில் சூடான வாயுவின் இயக்கமாகச் சிதறுவதன் விலை அது. ஆயிரம் டிகிரிக்கும் மேலான தீயிலிருந்து சில நூறு டிகிரியில் உள்ள குழாய்க்கு வெப்பம் இறங்கும்போது இன்னொரு பெரும்பகுதி அழிகிறது. இந்த இறக்கத்தில் வெப்பம் ஒரு துளியும் சிந்துவதில்லை. தீ விட்டதை நீர் அப்படியே வாங்கிக்கொள்கிறது. வெப்பக் கணக்கில் அந்த வரியில் எழுத ஒன்றுமில்லை.

டர்பைனுக்கு வந்த 45-இல் 38 வேலையாகிறது, 2.4 கண்டென்சருக்குப் போகிறது, சுமார் 5 டர்பைனின் உராய்வு முதலியவற்றில் கரைகிறது. டர்பைன் மிகத் திறமையான கருவி என்பதும் இங்கேதான் தெரிய வருகிறது. வெப்பக் கணக்கில் அது 88-ஐ வாங்கி 38-ஐத் திருப்பித் தரும் ஊதாரியாகக் காட்சியளித்தது.

கண்டென்சர் ஏன் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும் என்பதற்கும் விடை இரண்டாம் விதியில் இருக்கிறது. நீராவி 88 அளவு வெப்பத்தை 623 கெல்வினில் வாங்கும்போது 0.141 அளவு என்ட்ரோபியையும் (வெப்பத்தை அதன் கெல்வின் வெப்பநிலையால் வகுத்த அளவு) சேர்த்தே வாங்குகிறது. வேலை என்ட்ரோபியைச் சுமந்து செல்லாது. ஆகவே சுற்று தொடர்ந்து ஓட வேண்டுமானால் அந்த என்ட்ரோபி முழுவதும் வெப்பத்தின் முதுகில் ஏறித்தான் வெளியேற வேண்டும். 318 கெல்வினில் 50 அளவு வெப்பம் சுமப்பது 0.157. அதில் பத்தில் ஒன்பது பங்கு, நீராவி டர்பைனுக்குள் நுழையும் முன்பே உண்டாகிவிட்டது. கண்டென்சர் மற்றவர்களின் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குப்பை உண்டானது தீயில்.

மின் நிலையங்களை வடிவமைத்தவர்கள் இதைச் செயலில் ஒப்புக்கொண்டே வந்திருக்கிறார்கள். நூறாண்டு முன்னேற்றம் பெரும்பாலும் நீராவியின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துவதில்தான் நடந்தது. டர்பைனின் நடுவிலிருந்து கொஞ்சம் நீராவியைப் பிரித்தெடுத்துப் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்குவது இன்னொரு வழி. வேலை செய்ய வேண்டிய நீராவியைப் பாதி வழியில் பிடுங்குவது வெப்பக் கணக்கின் கண்ணுக்கு விரயமாகத் தோன்றும். ஆனால் அது நிலையத்தின் திறனைக் கூட்டுகிறது. குளிர்ந்த நீர் தீயைச் சந்திப்பது குறைந்து, வெப்பம் ஏற்கப்படும் சராசரி வெப்பநிலை உயர்வதே காரணம்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. சாடி கார்னோ 1824-இல் வெளியிட்ட சிறு நூலிலேயே வெப்பத்தின் மதிப்பு அதன் வெப்பநிலையைப் பொறுத்தது என்ற கருத்து இருக்கிறது. கிளாசியஸ் 1850-இல் அதை முதல் விதியோடு இணக்கப்படுத்தி, 1865-இல் என்ட்ரோபி என்ற அளவுக்குப் பெயரிட்டார். 1873-இல் கிப்ஸ், சூழலோடு சேர்ந்த ஒரு பொருளிடமிருந்து பெறத்தக்க வேலையை வரையறுத்தார். 1889-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் குயி, பிறகு ஸ்டோடோலா ஆகியோர் ஒரு கருவியில் அழியும் வேலைத்திறன், அங்கே புதிதாக உண்டாகும் என்ட்ரோபியைச் சுற்றுப்புற வெப்பநிலையால் பெருக்கியதற்குச் சமம் என்று நிறுவினார்கள். 1956-இல் சோரான் ரான்ட் அந்த வேலைத்திறனுக்கு எக்செர்ஜி என்று பெயர் வைத்தார். கருவி எல்லாம் கையில் இருந்தும் ஆலைக் கணக்கு இன்னும் முதல் விதியோடு நின்றுவிடுவது வியப்புக்குரியது.

வேதியியல் இதே தவற்றை ஒருமுறை செய்து, திருத்திக்கொண்ட துறை. 19-ஆம் நூற்றாண்டில் தாம்சென், பெர்த்தெலோ இருவரும் ஒரு வினை வெளிவிடும் வெப்பமே அதன் உந்துவிசையின் அளவு என்று வாதிட்டார்கள். அதிக வெப்பம் தரும் வினையே தானாக நடக்கும் என்பது அவர்கள் கொள்கை. அம்மோனியம் நைட்ரேட் நீரில் தானாகக் கரைந்து நீரைச் சில்லென்று ஆக்குகிறது. பனிக்கட்டி வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டே தானாக உருகுகிறது. கொள்கை இவற்றின் முன் நிற்கவில்லை. கிப்ஸும், 1882-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வெப்பத்தோடு என்ட்ரோபியையும் சேர்த்த கட்டிலா ஆற்றலே உரிய அளவு என்று காட்டினார்கள். அம்மோனியா தொகுப்பு இதற்கு நல்ல சான்று. 1 மோல் நைட்ரஜன் 3 மோல் ஹைட்ரஜனோடு சேர்ந்து 92 கிலோ ஜூல் வெப்பத்தை விட்டு 2 மோல் அம்மோனியா ஆகிறது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் எந்த வெப்பநிலையிலும் தங்குதடையின்றி நடக்க வேண்டும். ஆனால் 4 மோல் வாயு 2 மோலாகச் சுருங்குவதால் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 198 ஜூல் குறைகிறது. 92,000-ஐ 198-ஆல் வகுத்தால் 465 கெல்வின். ஏறத்தாழ 190 டிகிரிக்கு மேல், 1 பார் அழுத்தத்தில், சமநிலை அம்மோனியாவுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. வினையூக்கி வேலை செய்ய 400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால்தான் ஹேபர் முறைக்கு 100 பாருக்கும் மேலான அழுத்தம் தேவைப்படுகிறது. வினைகளுக்கு வெப்பக் கணக்கு போதாது என்பதை எந்த வேதிப் பொறியாளரும் மறுக்க மாட்டார். அதே பொறியாளர் நீராவிக் குழாய்க்கும் வடிகோபுரத்துக்கும் வந்ததும் வெப்பக் கணக்கோடு நிறைவடைந்துவிடுகிறார்.

நீராவிக் குழாயில் மிக எளிய சான்று அழுத்தம் குறைக்கும் வால்வு. ஆலையின் பாய்லர் 10 பாரில் நீராவி தருகிறது, ஒரு பிரிவுக்கு 3 பார் போதும். நடுவில் வால்வு. வால்வின் முன்னும் பின்னும் என்தால்பி ஒன்றே: கிலோவுக்கு 2,777 கிலோ ஜூல். வெப்பக் கணக்கின்படி இழப்பு பூஜ்யம், திறன் 100 சதவீதம். நீராவி அட்டவணையைப் புரட்டினால் என்ட்ரோபி ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு 6.59-இலிருந்து சுமார் 7.12 கிலோ ஜூலாக ஏறியிருப்பது தெரியும். இந்த ஏற்றத்தை 303-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 160 கிலோ ஜூல் வேலைத்திறன் மாயமாகியிருக்கிறது. 10 பார் நீராவியின் வேலைத்திறன் கிலோவுக்கு 788 கிலோ ஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்கு, வெப்பம் ஏதும் வெளியேறாமலே ஒரு வால்வில் போயிற்று.

வால்வின் இடத்தில் 60 சதவீதத் திறனுள்ள சிறு டர்பைனை வைத்தால் கிலோவுக்கு 130 கிலோ ஜூல் வேலை கிடைக்கும். மணிக்கு 10 டன் நீராவி ஓடினால் அது சுமார் 360 கிலோவாட். இதில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. டர்பைன் எடுத்த 130 கிலோ ஜூலும் நீராவியின் வெப்பத்திலிருந்து போனதுதான். பிரிவின் வெப்பத் தேவை மாறாததால் கொஞ்சம் கூடுதல் நீராவி வேண்டும். உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் எரிபொருள், பாய்லர் இழப்பு நீங்கலாக, ஏறக்குறைய முழுவதும் மின்சாரமாகிறது. எரிபொருளின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி மின்சாரமாக்கும் அனல் மின் நிலையம் எதுவும் இந்த விகிதத்தை நெருங்க முடியாது.

சர்க்கரை ஆலைகள் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கின்றன. கரும்புச் சக்கையை எரிக்கும் பழைய பாய்லர்கள் 21 பார், 340 டிகிரி அளவில் நீராவி தந்தன. தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் இணை மின் உற்பத்திக்கு வந்த ஆலைகள் 67, 87, 110 பார் என்று ஏறின. 87 பார், 515 டிகிரி நீராவியை 2.5 பார் வரை விரியவிட்டால் கிலோவுக்கு 840 கிலோ ஜூல் வேலை, கொள்கையளவில். 21 பார் நீராவி அதே இறக்கத்தில் தருவது 460. முதலாவதை உண்டாக்கக் கூடுதலாகத் தேவைப்படும் வெப்பம் எட்டில் ஒரு பங்குதான். பாய்லர்களின் சதவீதத் திறனை மட்டும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தங்கத்தையும் தகரத்தையும் ஒரே தராசில் நிறுத்து எடை சமம் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

வெப்பப் பரிமாற்றியில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1,000 கிலோவாட் வெப்பம் 20 கெல்வின் வேறுபாட்டில் கைமாறுகிறது என்று கொள்வோம். உலையில் 1,200 கெல்வினிலிருந்து 1,180-க்கு இறங்கினால் அழியும் வேலைத்திறன் 4 கிலோவாட். நீராவிப் பரிமாற்றியில் 400-இலிருந்து 380-க்கு இறங்கினால் 40 கிலோவாட். காற்றைத் திரவமாக்கும் ஆலையில் 100-இலிருந்து 80-க்கு இறங்கினால் 758 கிலோவாட். அதே வெப்பம், அதே 20 டிகிரி. வெப்பக் கணக்கில் மூன்றுக்கும் இழப்பு பூஜ்யம். ஆக்சிஜன் ஆலைகளின் பரிமாற்றிகளை ஓரிரு டிகிரி வேறுபாட்டில் இயங்குமாறு, அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளால், பெரும் பரப்போடு கட்டுவதற்கும், உலைகளில் நூற்றுக்கணக்கான டிகிரி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதற்கும் காரணம் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. எல்லாப் பரிமாற்றிக்கும் 10 டிகிரி என்ற கைவிதியை மனப்பாடம் செய்தவர் குளிர் ஆலையில் மின் கட்டணத்தையும், உலையில் இரும்பு விலையையும் வீணாகக் கொடுப்பார்.

வடிகோபுரத்துக்கு வந்தால் வெப்பக் கணக்கு விசித்திரமான நிலையை அடைகிறது. அடியில் ரீபாய்லரில் ஏற்றிய வெப்பம் ஏறக்குறைய முழுவதும் உச்சியில் கண்டென்சரில் வெளியே வருகிறது. வரவும் செலவும் சமம் என்றால் கோபுரம் எதைச் செலவழித்துப் பென்சீனையும் டொலுவினையும் பிரிக்கிறது? முதல் விதியிடம் பதில் இல்லை. செலவானது வெப்பநிலை. சமபங்குக் கலவை 1 மோலைத் தூய கூறுகளாகப் பிரிக்க 303 கெல்வினில் தேவைப்படும் குறைந்தபட்ச வேலை 1.75 கிலோ ஜூல். நடைமுறையில், மீள்வடிப்பு விகிதம் (உச்சியில் எடுக்கும் ஒவ்வொரு மோலுக்கும் கோபுரத்துக்கே திருப்பி விடப்படும் மோல்) 1.7 என்றால், அதே 1 மோலுக்கு ரீபாய்லரில் சுமார் 43 கிலோ ஜூல் வெப்பம் ஏற்றப்படும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு வடித்தலின் திறன் 4 சதவீதம் என்று சொல்வோரும் உண்டு. அதுவும் வெப்பத்தையும் வேலையையும் ஒன்றாகக் குழப்பும் அதே பிழைதான், இம்முறை எதிர்த்திசையில். 130 டிகிரி நீராவியின் 43 கிலோ ஜூல் சுமக்கும் வேலைத்திறன் 10.7 கிலோ ஜூல். சரியான திறன் 16 சதவீதம். பெருமைப்பட ஏதுமில்லை, ஆனால் 4 அல்ல.

இந்தக் கணக்கு, செய்ய வேண்டியதையும் காட்டுகிறது. புரோப்பிலீனையும் புரோப்பேனையும் பிரிக்கும் கோபுரத்தில் உச்சிக்கும் அடிக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகக் குறைவு, ஆனால் மீள்வடிப்பு மிக அதிகம். உச்சியில் வரும் ஆவியை அமுக்கி வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தினால் அதே ஆவி அடியிலுள்ள ரீபாய்லரைச் சூடாக்கும். பல ஆலைகள் இப்படித்தான் இயங்குகின்றன. வெப்பநிலை ஏற்றம் சிறிது என்பதால் கம்ப்ரசர் வேலையும் சிறிது. உச்சிக்கும் அடிக்கும் பெரிய இடைவெளி உள்ள கோபுரத்தில் இதே உபாயம் நஷ்டத்தில் முடியும். எந்தக் கோபுரத்துக்கு எது என்பதை ரீபாய்லர் வெப்பத்தின் அளவு சொல்லாது.

கடல்நீரைக் குடிநீராக்குவதில் இந்தக் குழப்பம் பொதுவிவாதங்களிலும் புகுந்துவிட்டது. நீரைச் சூடாக்கிக் கட்டம் கட்டமாக ஆவியாக்கும் எம்.எஸ்.எஃப். முறையில் 1 கிலோ நன்னீருக்குச் சுமார் 250 கிலோ ஜூல் வெப்பம் தேவை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள சவ்வு வழி எதிர் சவ்வூடுபரவல் முறையில் 1 கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம், அதாவது கிலோவுக்குச் சுமார் 12 கிலோ ஜூல். ஒன்று மற்றதைவிட 20 மடங்கு ஊதாரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். 110 டிகிரி வெப்பத்தின் 250 கிலோ ஜூல் சுமக்கும் வேலைத்திறன் 52 கிலோ ஜூல். பம்ப்புகளின் மின்சாரத்தையும் சேர்த்தால் 65-ஐ ஒட்டி வரும். 20 மடங்கு 5 மடங்காகச் சுருங்குகிறது. சவ்வு முறையே மேல் என்ற தீர்ப்பு மாறவில்லை. ஆனால் டர்பைனில் பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்த தாழ்வழுத்த நீராவி பக்கத்திலேயே கிடைக்கும் இடத்தில் போட்டி முன்பு நினைத்ததைவிட நெருக்கமாகிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டி எம்.எஸ்.எஃப். முறையையும் சவ்வு முறையையும் இணைத்த ஆலை அமைந்ததன் தர்க்கம் இது. இரண்டு முறைகளும் கொள்கையளவிலான குறைந்தபட்சத்திலிருந்து தொலைவில்தான் இருக்கின்றன. கடல்நீரிலிருந்து 1 கிலோ நன்னீரைப் பிரிக்க வேண்டிய அடிப்படை வேலை 3 கிலோ ஜூலுக்கும் குறைவு.

வெப்பக் கணக்குக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. சில இடங்களில் அது இழப்பைச் சரியாகவே சுட்டுகிறது. கந்தக அமில ஆலையில் கந்தகம் எரிதல், சல்பர் டைஆக்சைடு ட்ரைஆக்சைடாதல், பின் அது உறிஞ்சப்பட்டு அமிலமாதல் ஆகிய மூன்றும் வெப்பம் விடும் படிகள். முதல் இரண்டின் வெப்பத்தில் உயரழுத்த நீராவி உண்டாக்கினார்கள். மூன்றாவது, மொத்தத்தில் கால் பங்கு, நெடுங்காலம் குளிர்நீரில் கொட்டப்பட்டது. வெப்பக் கணக்கு அந்தக் கால் பங்கைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது. தீர்வை மட்டும் காட்டவில்லை. உறிஞ்சு கோபுரத்தின் அமிலம் 100 டிகிரியை ஒட்டி இருந்தவரை அந்த வெப்பத்தால் பயனுள்ள நீராவி எழுப்ப முடியாது. 1980-களில் மொன்சாண்டோ நிறுவனம் உறிஞ்சுதலையே 200 டிகிரிக்கு மேல், 99 சதவீதத்தை ஒட்டிய செறிவில் நடத்தி, 10 பார் வரையிலான நீராவியை எடுத்துக் காட்டியது. அவ்வளவு சூடான அமிலம் அந்தக் குறுகிய செறிவு எல்லைக்குள் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகை அதிகம் அரிக்காது என்று அறிந்ததால்தான் இது கைகூடியது. வெப்பத்தின் அளவு மாறவே இல்லை. அது வெளிவரும் வெப்பநிலை மாறியது.

1970-களில் போடோ லின்ஹாஃப் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த பிஞ்ச் பகுப்பாய்வும் இதே இடத்திலிருந்து பிறந்தது. ஆலையின் சூடான ஓட்டங்கள் தரும் வெப்பத்தையும் குளிர்ந்த ஓட்டங்கள் கேட்கும் வெப்பத்தையும் வெப்பநிலைவாரியாக அடுக்கினால் இரண்டும் மிக நெருங்கும் ஓர் இடம் தென்படும். அதற்கு மேலே வெப்பம் பற்றாக்குறை, கீழே உபரி. மேலிருந்து கீழே அந்த இடத்தைக் கடந்து ஒரு கிலோவாட் கடத்தினால், மேலே நீராவி ஒரு கிலோவாட் கூடும், கீழே குளிர்நீரும் ஒரு கிலோவாட் கூடும். கழிவு வெப்பத்தை மீட்டுவிட்டோம் என்று மகிழ்ந்து பொருத்திய பரிமாற்றியே இப்படி இரட்டைச் செலவை உண்டாக்கியிருக்கலாம். மொத்த வெப்பத்தை மட்டும் கூட்டிக் கழிக்கும் கணக்கில் அந்தப் பரிமாற்றி சேமிப்பாகவே பதிவாகும்.

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்: எரிதலில் 30 அழிகிறது என்று அறிந்து என்ன பயன், எரிக்காமல் இருக்க முடியாதே? எரிப்பதைத் தவிர்ப்பது கடினம் என்பது சரி. ஆனால் தீக்கும் நீராவிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத் தவிர்க்க முடியும் என்பதற்குக் கூட்டுச் சுழற்சி மின் நிலையங்களே சான்று. எரிவாயுவை எரித்த வாயுவையே முதலில் ஒரு வாயு டர்பைனில் செலுத்தி, வெளியேறும் 600 டிகிரியை ஒட்டிய வாயுவால் நீராவி உண்டாக்கி, இன்னொரு டர்பைனை ஓட்டுகின்றன. புதியவற்றின் திறன் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த உயர்வு, வெப்பக் கணக்கு பூஜ்யம் என்று எழுதிய வரியில் ஓர் இயந்திரத்தைச் செருகியதால் வந்தது. புகைபோக்கி வெப்பத்தைப் பிடித்ததால் வந்ததன்று.

இழப்பே இல்லாத கருவி முடிவற்ற பரப்பும் முடிவற்ற நேரமும் கேட்கும் என்பது இன்னோர் எதிர்வாதம். முழுமையாக ஒப்புக்கொள்ளத்தக்கது. வெப்பநிலை வேறுபாடு இன்றி வெப்பம் பாயாது, செறிவு வேறுபாடு இன்றிப் பொருள் நகராது. வேலைத்திறன் அழிவது வேகத்துக்குக் கொடுக்கும் விலை. எனவே அழிவைப் பூஜ்யமாக்கச் சொல்வது அசட்டுத்தனம். எவ்வளவு அழிகிறது, அதைக் குறைக்கும் கருவியின் விலை என்ன என்ற இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பதே பொறியியல். வெப்பக் கணக்கு முதல் எண்ணையே தருவதில்லை.

சுற்றுப்புற வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுவதால் வேலைத்திறன் நம்பத்தக்க அளவு அல்ல என்ற வாதம் மேலோட்டமானது. முன்சொன்ன வால்வில் 30 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி என்று வைத்தால் இழப்பு 160-இலிருந்து 156 ஆகிறது. எந்தக் கருவியில் அதிகம், எதில் குறைவு என்ற வரிசை மாறவில்லை. சுற்றுப்புறத்துக்கு மிக அருகில் இயங்கும் குளிரூட்டிகளில் மட்டும் எண்கள் கணிசமாக அசையும். அங்கே உண்மையான வெப்பநிலையை அளந்து போட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல.

கடைசியாக, எரிபொருள் கலோரிக் கணக்கில்தானே விலைக்கு வருகிறது, ஆலைக்குள் மட்டும் வேறு கணக்கு எதற்கு என்று கணக்குப் பிரிவினர் கேட்பதுண்டு. ஆலைக்குள் நீராவிக்கு வைக்கும் விலையிலேயே பதில் இருக்கிறது. வெப்பத்தின்படி 3 பார் நீராவி, 10 பார் நீராவியின் 98 சதவீத மதிப்புடையது. வேலைத்திறனின்படி 78 சதவீதம். ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை எழுதும் ஆலையில், தாழ்வழுத்த நீராவியை ஏற்குமாறு தன் பரிமாற்றிகளைப் பெரிதாக்க எந்தப் பிரிவும் பணம் செலவிடாது. 10 பார் குழாயில் ஒரு வால்வைப் போட்டு எடுத்துக்கொள்ளும். 78 என்று எழுதினால் அந்த வால்வு ஒவ்வொரு டன்னிலும் எவ்வளவு ரூபாய் தின்கிறது என்பது மாத முடிவில் அந்தப் பிரிவின் செலவுத் தாளிலேயே வந்து நிற்கும்.